தங்கும் தண்ணீர்

அம்மா விழுந்தது தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை. தலைக்கு நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு குளிக்கப் போனார். கதவைச் சாத்தி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஈரத்துணி மூட்டையைத் தரையில் போட்டதுபோல ஒரு சத்தம் கேட்டது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. எண்ணெய்தான் காரணம் என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அன்று இரவு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, குளியலறை விளக்கைப் போட்டுக் குனிந்து பார்த்தேன். ஷவருக்குக் கீழே, சுவரும் தரையும் சேரும் மூலையில், நான்கு விரல் அகலத்துக்குப் பாசி படர்ந்திருந்தது. தொட்டால் வெண்டைக்காய் நறுக்கிய கத்திபோல வழுவழுத்தது. எண்ணெய் அன்று காலையில் வந்தது. பாசி பல மாதங்களாக அங்கே இருந்திருக்கிறது. அதற்குப் பக்கத்தில் நின்று தினமும் இரண்டு வேளை நான் குளித்திருக்கிறேன்.

கூழ் குடிப்பவனும் குளித்துவிட்டுத்தான் குடிக்க வேண்டும் என்று சொல்லி வைத்தவர்கள் நாம். புதனும் சனியும் ஆண்களுக்கு, செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்கு என்று எண்ணெய்க் குளியலுக்கு நாள்கூடக் குறித்து வைத்தோம். குளித்த இடத்தை யார் கழுவுவது என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே அது வீட்டில் ஒருவர் தலையில் போய் விழும். எங்கள் வீட்டில் அம்மாவின் தலையில் விழுந்திருந்தது. கண்புரை முற்றி அவருக்குப் பார்வை மங்கியபோது, சுவரின் கீழ்ப்பகுதி அவர் கண்ணிலிருந்து முதலில் மறைந்தது. என் கண்ணில் அது எப்போதும் இருந்ததில்லை. ஐம்பத்திரண்டு வயதுவரை, குளியலறை என்பது தானாகச் சுத்தமாக இருக்கும் ஓர் இடம் என்றே வாழ்ந்துவிட்டேன்.

மறுநாள் கடைக்குப் போய், இருப்பதிலேயே காட்டமான புட்டியாகக் கேட்டு வாங்கினேன். கழிவறைப் பீங்கானுக்கு ஊற்றும் அமிலம் அது. தரையில் ஊற்றியதும் டைல்களுக்கு நடுவில் ஓடும் சிமெண்டுக் கோடுகளில் நுரை பொங்கியது. அழுக்குதான் பொங்கி வெளியேறுகிறது என்று நினைத்தேன். பொங்கியது சிமெண்ட். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சிமெண்டிலுள்ள சுண்ணாம்புச் சத்தைத் தின்னும். தின்னும்போது கரியமில வாயு குமிழியாக வெளிவரும். தின்னப்பட்ட கோடு ரஸ்க்குபோலத் துளை விழுந்து, முன்னைவிட அதிகமாகத் தண்ணீரைக் குடிக்கத் தொடங்கும். மூன்று வாரத்தில் கறுப்பு திரும்பி வந்தது. இம்முறை மேலே படரவில்லை, கோட்டுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. சில வெள்ளி கொடுத்து வாங்கிய புட்டி, கோடு முழுவதையும் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூச வேண்டிய செலவை இழுத்துவிட்டது. மலிவு என்பது புட்டியின் விலையில் இல்லை என்று அன்று கற்றேன்.

*

நான் வளர்ந்தது பிரிக்பீல்ட்ஸில். ஊரின் பெயரே செங்கல்லிலிருந்து வந்தது. 1881ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தீயும் முடிவில் வெள்ளமும் கோலாலம்பூரின் மரவீடுகளையும் அத்தாப்புக் கூரைகளையும் வாரிக்கொண்டு போயின. அதற்கடுத்த ஆண்டு சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற ஃபிராங்க் சுவெட்டன்ஹாம், இனிக் கட்டடங்கள் செங்கல்லாலும் ஓட்டாலும் எழ வேண்டும் என்றார். களிமண் கிடைத்த இந்தப் பகுதியில் சூளைகள் புகைந்தன. பிறகு ரயில்வே வந்தது, அதோடு நம்மவர்களும் வந்தார்கள். தமிழகத்திலிருந்து வந்தவர்கள் தண்டவாளத்திலும் பட்டறையிலும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் அலுவலக மேசைகளிலும் இருந்தார்கள். ஜாலான் ரொசாரியோவிலும் ஜாலான் சான் ஆ தோங்கிலும் 1905ல் கட்டிய ‘நூறு கோட்டர்ஸ்’ குடியிருப்பு வரிசை இன்று இல்லை. அதை இடித்த பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பழைய செங்கல்லின் ஈரவாசனையை என் மூக்கு தேடும். செங்கல் தண்ணீர் குடிக்கும் என்பதை அந்த ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்கள் வீட்டுக் குளியலறை பின்கட்டில் இருந்தது. சுவருக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. அதன் வழியாகக் காலை எட்டு மணிக்கு வெயில் உள்ளே விழும். கடைசியாகக் குளிப்பது அம்மா. குளித்து முடித்து, கட்டிய பாவாடையோடே ஈர்க்குவிளக்குமாற்றை எடுத்து, மூலையிலிருந்து சலதாரைவரை தண்ணீரைத் தள்ளுவார். மிஞ்சிய சீயக்காய்த்தூளைத் தரையில் தூவி, தேங்காய் நாரால் நாலு தேய்ப்பு. எண்ணெய்ப் பிசுக்கைச் சீயக்காய் தலையிலிருந்து எடுப்பதுபோலவே தரையிலிருந்தும் எடுக்கும். பத்து மணிக்குப் போனால் தரை காய்ந்து வெளுத்திருக்கும்.

“தண்ணிய தங்க விடக்கூடாது தம்பி. தங்குனா குடியேறிடும்.”

இதை அவர் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று எண்ண முடியாது. எது குடியேறும் என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

பிறகு கிள்ளானில் ஏழாவது மாடிக்கு வந்தோம். வாழ்க்கை வசதியானது. குளியலறை வீட்டின் நடுவே நகர்ந்து, ஜன்னலை இழந்தது. வெயில் இல்லை, காற்றும் இல்லை. ஈர்க்குவிளக்குமாறு அறைக்குள் பொருந்தாமல் போயிற்று. சுவர் முழுக்க டைல்ஸ் ஒட்டியதால் அழுக்குப் பிடிக்காது என்று நம்பினோம். டைல்ஸ் தண்ணீர் குடிப்பதில்லை, உண்மை. டைல்ஸ்களுக்கு நடுவிலுள்ள கோடு குடிக்கும். அங்கே பழைய செங்கல் இன்னும் மறைந்திருக்கிறது.

*

இந்த மாதங்களில் குளியலறை சுத்தம் பற்றிப் பேசும் தமிழ்க் காணொளிகள் நிறையப் பார்த்தேன். பெரும்பாலும் சென்னைக்காரர்கள். எலுமிச்சை, வினிகர், புளி என்று புளிப்பாகவே சொன்னார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. போர் தண்ணீரில் சுண்ணாம்பும் மக்னீசியமும் நிறைய. குழாய்முனையில் உப்பு பூத்து, வாளிக்கு உள்ளே வெள்ளை வளையம் விழும். சோப்பும் அந்தச் சுண்ணாம்பும் சேர்ந்தால் கரையாத ஒரு படிவு உண்டாகும். புளிப்பு அதைக் கரைக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கில் குழாயில் வருவது மலையில் பிறந்த ஆற்றுத் தண்ணீர், மென்மையானது. ஷவர் தலையில் உப்பு அடைக்க இங்கே ஆண்டுக்கணக்காகும். ஆனால் காற்று ஆண்டு முழுக்க 80 சதவீதத்தை ஒட்டிய ஈரத்தோடு இருக்கிறது. இங்கே இரவு நனைந்த சுவர் காலையிலும் ஈரமாக இருக்கும், காலையில் மறுபடி நனையும். அங்கே உப்போடு போராட வேண்டும், இங்கே ஈரத்தோடு. ஊர் மாறினால் வைத்தியமும் மாற வேண்டும். நான்கு தலைமுறைக்கு முன் கடல் தாண்டிய நாம், பல விஷயங்களில் இன்னும் பழைய ஊரின் மருந்தையே இந்த ஊரின் நோய்க்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அம்மா சொன்ன குடியேறிகளைப் பிறகு அடையாளம் கண்டேன். கோடுகளில் கறுப்பாக இருப்பது பூஞ்சணம். அதற்கு மண் வேண்டாம். சோப்பின் கொழுப்பும், நம் உடலிலிருந்து உதிரும் தோலும், ஈரமும் போதும். ஷவர் திரையின் மடிப்பிலும் சலதாரையைச் சுற்றியும் குங்குமம் கரைந்ததுபோல இளஞ்சிவப்பாக ஒரு படலம் வரும். பலர் அதைத் துரு என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது செராஷியா மார்செசென்ஸ் என்ற பாக்டீரியா. 1819ல் இத்தாலியின் படுவா நகரத்துக்கு அருகே ஓர் உழவர் வீட்டில் சோளக்களி இரத்தம் கசிந்ததுபோலச் சிவந்து போனது; ஊரே தெய்வக் குற்றம் என்று நடுங்கியது. பார்த்தொலோமியோ பிசியோ என்ற மருந்தியலாளர், ஈரத்திலும் வெப்பத்திலும் வளரும் ஓர் உயிர் அது என்று காட்டினார். அதே உயிர் இன்று என் சோப்புப் பெட்டியின் அடியில் இருக்கிறது. அன்று ஒரு கிராமத்தை நடுங்க வைத்த அது, ஒரு துணியால் துடைத்துக் காயவிட்டால் போய்விடுகிறது. காயவிடாவிட்டால் மூன்றாம் நாள் திரும்பி வருகிறது.

கையில் காசில்லாதவர்களைத் தேடி வரும் யோசனைகளில் ஒன்று, சோடா மாவும் வினிகரும் கலப்பது. நுரை பார்க்க அழகாக இருக்கும். காரமும் புளிப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு முடிந்தபின் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். தனித்தனியாக இரண்டுமே நல்லவை. சோடா மாவு கீறாமல் தேய்க்கும், வினிகர் குழாய்முனைப் படிவைக் கரைக்கும். இன்னொரு கலவை ஆபத்தானது. குளோரின் வெளுப்பானோடு வினிகரையோ கழிவறை அமிலத்தையோ சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் ஆயிரக்கணக்கான சிப்பாய்களை மூச்சுத் திணற வைத்தது அந்த வாயுதான். ஜன்னலில்லாத குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு புட்டிகளை அடுத்தடுத்து ஊற்றும் எந்த அம்மாவும் தன்னையறியாமல் அந்தப் போர்முனையில் நிற்கிறார். புட்டியில் பொடி எழுத்தில் எச்சரிக்கை இருக்கும். வெளுப்பான் வாங்கும் பல தமிழ் மூதாட்டிகளுக்கு அந்த எழுத்து எந்த மொழியிலும் படிக்கக் கிடைக்காது. வீட்டிலுள்ள பிள்ளைகள் ஒருமுறை வாயால் சொல்லிவிட வேண்டும்.

*

கிள்ளானில் இருந்துகொண்டு தங்கும் தண்ணீரைப் பற்றி எழுதுபவர் மால்கம் வாட்சனை நினைக்காமல் இருக்க முடியாது. 1897ல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். நான்கே ஆண்டுகளில், 1901ல், வாட்சன் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்தார். ஊரைச் சுற்றிச் சதுப்பு. அதே ஆண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறந்த கையோடு ஆட்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். வாட்சன் கேட்டது தேங்கிய தண்ணீருக்கு ஒரு வழி. சதுப்பு வடிந்தது, காடு வெட்டப்பட்டது, காய்ச்சல் இறங்கியது. மருந்துப் புட்டிக்கு முன்னால் மண்வெட்டி போனது. சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் நம் முன்னோர் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த காலம் அது. வாட்சன் பிறகு பல ஆண்டுகள் உழைத்தது அந்தத் தோட்டங்களின் வடிகால்களுக்காகத்தான்.

கொசு மாறியது, கதை மாறவில்லை. பழைய வீடுகளின் குளியலறை மூலையில் சிமெண்டுத் தொட்டி ஒன்று இருக்கும். மலாய்க்காரர்கள் அதைக் கோலா என்பார்கள். அதில் குளித்த சுகம் ஷவரில் இல்லை என்று என் தலைமுறை இன்னும் சொல்லும். டிங்கிக் கொசுவுக்கும் அந்தத் தொட்டி பிடிக்கும். அது முட்டையைத் தண்ணீரில் இடுவதில்லை. தண்ணீருக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில் ஒட்டி வைக்கிறது. தொட்டியை வடித்தாலும் முட்டை போகாது. காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் காத்திருந்து, தண்ணீர் தொட்டதும் பொரியும். பொரிந்து பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை சுவரைத் தேய்க்க வேண்டும். வெறுமனே தண்ணீரை மாற்றியதாகக் கணக்கில்லை. அம்மாவின் தேங்காய் நார் எதைச் செய்துகொண்டிருந்தது என்பது எனக்கு இவ்வளவு காலம் கழித்து விளங்கியது.

தொட்டியை இடித்துவிடலாமே என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. 1998ல் கிள்ளான் பள்ளத்தாக்கில் மாதக்கணக்கில் முறைவைத்துத் தண்ணீர் விட்டதை நினைவு வைத்திருப்பவர்கள் தொட்டியை விடமாட்டார்கள். 2020 செப்டம்பரில் ஆறு மாசுபட்டு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் வறண்டபோது, ஏழாவது மாடிக்கு வாளி சுமந்த எனக்கும் அந்தப் பிடிவாதம் புரிந்தது. தண்ணீரைச் சேமிக்கத்தான் வேண்டும். சேமித்ததை மூடி வைக்கவும், வைத்த இடத்தைத் தேய்க்கவும் வேண்டும்.

*

தேய்க்கும் கை யாருடையது? இந்தக் கேள்வியைத் தாண்டிப் போனால் இந்தக் கட்டுரை முழுவதும் பொய்யாகிவிடும்.

கோலாலம்பூரின் சுகாதார வாரியம் 1890ல் ஏற்பட்டது. அது தொடங்கி நகரத்தின் தெருவையும் லோங்காங் என்னும் சாக்கடையையும் கழிவறை வாளியையும் சுத்தம் செய்த கைகளில் பெரும்பகுதி தமிழ், தெலுங்குக் கைகள். தோட்டத்திலும் ‘தோட்டி’ என்று ஒரு வேலை இருந்தது. அந்தச் சொல்லைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தவர்கள் நாம்தான், துரை கொண்டு வரவில்லை. வாட்சன் கிள்ளானில் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்த அதே 1901ன் டிசம்பரில், கல்கத்தாவில் காங்கிரஸ் மாநாடு கூடியது. கழிவறைகளின் நாற்றம் தாங்காமல் காந்தி தொண்டர்களிடம் முறையிட்டார். அது தோட்டியின் வேலை என்று பதில் வந்தது. அவர் விளக்குமாற்றைத் தேடி எடுத்து, தான் பயன்படுத்தியதைத் தானே கழுவினார். நாடு முழுவதற்குமாகப் பேச வந்தவர்கள் கூடிய இடத்தில், ஒருவர் தனக்குரிய சதுர அடியைக் கழுவியது எனக்கு மாநாட்டுத் தீர்மானங்களைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

இன்று நகரைக் கழுவுபவர்கள் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வருகிறார்கள். வீட்டுக்குள் கழுவுபவர்கள் அம்மாக்களும் மனைவிகளும். வேலை கைமாறிக்கொண்டே இருக்கிறது, அது கீழான வேலை என்ற எண்ணம் மட்டும் மாறாமல் அப்படியே தங்கியிருக்கிறது. பாசியைவிட வழுக்கலான இடம் அது.

*

என் கைக்கு இப்போது பழகிவிட்டதைச் சொல்கிறேன். ரப்பர் வைத்த கைவைப்பர் ஒன்று, கெட்டி நார் பிரஷ் ஒன்று, பாத்திரம் கழுவும் சோப்பு, சோடா மாவு, சிறிய புட்டி வினிகர், சிறிய புட்டி வெளுப்பான், பழைய கைலி கிழித்த துணி. முதல் முறை எல்லாம் வாங்க இரண்டு பேர் கடையில் சாப்பிடும் காசு ஆகும். பிறகு பல மாதங்களுக்குச் செலவே இல்லை.

தினமும், கடைசியாகக் குளிப்பவர் சுவரை மேலிருந்து கீழாக வைப்பரால் இழுத்து, தரைத் தண்ணீரைச் சலதாரைக்குத் தள்ளிவிட வேண்டும். ஒன்றரை நிமிடம். சலதாரை வலையில் சிக்கிய முடியை எடுத்துப் போட வேண்டும். கதவைத் திறந்து வைத்து, ஹாலில் ஓடும் மின்விசிறியை அந்தப் பக்கம் திருப்பினால் ஜன்னலில்லாத அறையும் ஒரு மணி நேரத்தில் காய்கிறது. ஞாயிறு காலை சோப்பும் சோடா மாவும் போட்டுத் தேய்ப்பு. மாதம் ஒருமுறை, கறுத்த கோடுகளுக்கு மட்டும் ஒரு பங்கு வெளுப்பானுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுகிறேன். அன்று வேறு எந்தப் புட்டியையும் திறப்பதில்லை. கலந்ததை மறுநாளைக்கு எடுத்து வைப்பதும் இல்லை. எண்ணெய்க் குளியலன்று சீயக்காய், தரைக்கும் சேர்த்து. கழுவும் தண்ணீருக்குக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. இங்கே வீட்டுத் தேவைக்கான முதல் அளவுக்கு ஆயிரம் லிட்டர் ஒரு வெள்ளிக்கும் குறைவு.

இதில் விலை உயர்ந்தது அந்த ஒன்றரை நிமிடம். குளித்து முடித்த உடம்பு வெளியே போகத் துடிக்கும் நேரத்தில், அடுத்து வரப்போகும் ஒருவருக்காக நின்று தண்ணீரை வழியனுப்ப வேண்டும். அவருக்கு அது தெரியாது. காய்ந்த தரையில் யாரும் நின்று நன்றி சொல்வதில்லை. வழுக்காமல் போன ஒரு காலைக் கணக்கெழுத எந்த ஏடும் கிடையாது. அம்மா நாற்பது ஆண்டுகள் இப்படி ஏட்டில் ஏறாத வேலை பார்த்தார். அவர் நிறுத்திய பிறகே அப்படியொரு வேலை இருந்தது எங்களுக்குத் தெரிந்தது.

பொங்கலுக்கு முன்னால் அவர் வீட்டுக்கு வந்தார். சுவரில் கைப்பிடிக் கம்பி பொருத்தி, ஷவருக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தேன். முதல் நாள் வாசலில் நின்று, உள்ளே போகத் தயங்கினார். கண் தெரியாததால் கால் நீட்டிக் கட்டைவிரலால் தரையைத் தடவினார். மூலைவரைக்கும் தடவினார். அந்த மூலையில் விரல் சற்று நேரம் நின்றது.

“சொரசொரன்னு இருக்கே” என்றார்.

பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கினார்.